நெல்டாவின் இடது கை

துல்சா, ஒக்லஹோமா
9 பிப்ரவரி 1986

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு பதினோரு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. தப்பு என் மேலும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. நம் ஆர்கன்சா மாநிலம் கடைசியில் உன் அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், லிட்டில் ராக் பெரிய அரங்கத்தில் விழா. என் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் பதிக்கப் போகிறார்கள். டெலிவிஷனில் காட்டுகிறார்கள். 'ராக் அண்ட் ரோல் குழந்தையாக இருந்தபோது அதற்குத் தொட்டில் ஆட்டிய கைகளில் ஒரு ஜோடி டாய்ல் டிட்மோருடையது' என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். படித்துவிட்டு அழுதேன்.

சிக்கல் அந்தக் கைகளில்தான். 'ஹேட்டி வீட்டுப் பின்கதவு' பாட்டின் நடுவே வரும் பியானோவை, வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், நானே மேடையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வாசிக்க வேண்டுமாம். இத்தனை வருஷமாகக் கார் கதவில் சிக்கி இடது கை மோதிர விரல் உடைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துவந்தேன். மேடையில் வேறு ஆட்கள் வாசிப்பார்கள், நான் பாடுவேன். போன வருஷம் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், என் ரசிகர் ஒருவர் எலும்பு டாக்டர். அன்புத் தொல்லை தாங்காமல் கையைக் காட்டிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "சார், உங்க விரல் உடைஞ்சதே இல்ல, ஒரு கீறல்கூட கிடையாது!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ரசிகர் மன்றப் பத்திரிகையில் அற்புதம் என்று போட்டுவிட்டார்கள். இனி எந்த விரலைச் சொல்லித் தப்பிப்பது?

வலது கையை எப்படியாவது ஒப்பேற்றிவிடுவேன். இடது கை மட்டும் என்ன செய்கிறது என்று எழுதி அனுப்பு. உனக்குப் பத்து நிமிஷ வேலை. என் மானம் உன் கையில்.

அன்பு அண்ணன்,
டாய்ல்

*

பெட்டஸ் ஃபெர்ரி, ஆர்கன்சா
16 பிப்ரவரி 1986

தொட்டிலாட்டி டாய்ல் டிட்மோர் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என் வீட்டு அடுப்பு மின்சாரத்தில் எரிவது.

அம்மாவின் அடக்கம் பற்றி எழுதியிருக்கிறாய். வெள்ளை சூட்டில் வந்தாய். பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அம்மாவின் படம் போட்ட ஆராதனைத் தாளில் நாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். தப்பு உன் மேலும் 'இருக்கலாம்'. ஆமாம், இருக்கலாம்.

உனக்கு ஞாபகம் வேண்டிய மாதிரி வளையும். அதனால் நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். 1956, அக்டோபர், வியாழக்கிழமை. பக்கத்து ஊர் ரேடியோ நிலையத்தில் உன் பாட்டைப் பதிவு செய்கிறேன் என்றார்கள். அங்கே பியானோ இல்லை. ஸ்ருதி சேர்க்கக் கொண்டுபோகிறேன் என்று போதகரிடம் புளுகிவிட்டு, நம் சபைப் பியானோவைப் பருத்தி ஏற்றும் டிரெய்லரில் தூக்கிப் போட்டாய். வாசிக்க என்னைக் கூட்டிப்போனாய், ஏனென்றால் உனக்கு வாசிக்க வராது. டிரம் சத்தத்தில் பியானோ கேட்கவில்லை என்று பதிவு செய்கிறவர் முனகினார். ஞாயிறு பள்ளி அறிவிப்புப் பலகையிலிருந்து பிடுங்கிவந்த பின்களை, கம்பியைத் தட்டும் அந்தக் கம்பளிச் சுத்தியல் ஒவ்வொன்றிலும் நான்தான் குத்தினேன். அதற்குப் பிறகு பியானோ தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி பேசியது. அந்தச் சத்தத்துக்குத்தான் உனக்குத் தகடு அடிக்கிறார்கள்.

திரும்பிவந்து பின்களைப் பிடுங்க நேரமில்லை. நான் பாதிதான் எடுத்தேன். உனக்கு டெக்சர்கானா பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் கீதத்துக்குக் கை வைத்தேன். வலது கைப் பக்கம் முழுக்கச் சாராயக்கடைப் பியானோ சத்தம். மூப்பர் ஹெர்ஷல் யார்ப்ரோ எழுந்து வந்து மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு ஒரு பின்னை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். நீ பஸ்ஸில் இருந்தாய். நான் பதினாறு வயதில் சபை முன்னால் நின்றேன்.

இரண்டு வருஷம் பியானோ பெஞ்சில் உட்காரக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். திரும்ப உட்கார்ந்தேன். இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அந்த பெஞ்ச் இருக்கிறது. எனக்கென்று இருப்பது அவ்வளவுதான். அதன் பக்கத்தில் உன் காற்றுகூட அடிக்கக் கூடாது.

இடது கை வேண்டுமாம். சின்ன வயதில் உனக்குப் பன்றித் தொழுவம் கழுவவும் இதே கைதான் வேண்டியிருந்தது.

நெல்டா

*

துல்சா
2 மார்ச் 1986

நெல்டா,

எல்லாம் எழுதினாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அன்றைக்குச் சபை முன்னால் நின்று, "நான் வாசிக்கல. டாய்ல்தான் வாசிச்சான். நான் பின் குத்தினதோட சரி" என்று சொன்னது யார்? நான் பஸ்ஸில் இருந்தேன். அம்மா எனக்கு எழுதினாள். அந்தக் கடிதம் வரும் வரைக்கும் பியானோ யார் என்று கேட்டவர்களிடம் 'ஊர்ப் பொண்ணு ஒண்ணு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தியமாக. என் தங்கையே சபையில் சாட்சி சொல்லிவிட்டாள், இனி நான் மறுத்தால் அவள் பொய்க்காரி ஆவாள் என்று நினைத்தேன். சரி, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

உனக்கு இந்தப் பாட்டு கேவலம். வெளியே வந்து பார். ரோட்டர்டாமில் தாடி நரைத்த ஆட்கள் என் காலணியைத் தொட்டார்கள். ஷெஃபீல்டில் ஒருவர் பெண்ணுக்கு ஹேட்டி என்று பெயர் வைத்திருக்கிறார். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: "எங்க தெருவுல பன்னெண்டு பசங்க, சார். அந்த ரெக்கார்டைக் கேட்ட வாரம் பன்னெண்டு பேரும் கிட்டார் வாங்கினோம்." அதில் மூன்று பேர் உலகப் புகழ் பெற்றார்கள். அவர்கள் பேட்டியில் என் பெயரைச் சொல்கிறார்கள். என் பாட்டைப் பற்றி ஒரு புரொபசர் எழுதிய புத்தகத்தை உனக்கு அனுப்பினேனே, திருப்பியனுப்பிவிட்டாய். இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் இடது கை ஒரு தட்டு நின்று போகிறதே, அதைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். 'மரணத்தை எட்டிப் பார்த்துத் திரும்பும் மௌனம்' என்கிறார்.

மோட்டல் அறையில் ஒரு மின்சாரக் கீபோர்டை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து அறைக்காரர் சுவரில் இடிக்கிறார். பத்து வாரம்தான் இருக்கிறது. கெஞ்சுகிறேன், நெல்டா. நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறாயா?

டாய்ல்

*

பெட்டஸ் ஃபெர்ரி
9 மார்ச் 1986

டாய்ல்,

பார்த்திருக்கிறேன். அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம்.

அன்றைக்குச் சொன்ன பொய் என்னுடையதுதான். வாசித்தவள் நான் என்று சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் இல்லை, ஆயுசுக்கும் பெஞ்ச் போயிருக்கும். பாவ அறிக்கை செய்ய நின்ற இடத்திலேயே புதிதாக ஒரு பாவம் செய்தேன். அதை நான் தூக்கிச் சுமக்கிறேன். உன்னைப் போல அதை டிக்கெட் போட்டு விற்கவில்லை.

'மரணத்தை எட்டிப் பார்க்கும் மௌனம்'! படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தேன். நீயும் அங்கேதானே நின்றாய். பியானோ முழுக்க டிரெய்லரிலிருந்து ஒட்டிக்கொண்ட பருத்திப் பஞ்சு. அது என் மூக்கில் ஏறியது. தும்மினேன். மைக் தூரத்தில் இருந்ததால் தும்மல் விழவில்லை, கை நின்றது மட்டும் விழுந்தது. ரெக்கார்ட் தட்டு இன்னொன்று இல்லை என்று அப்படியே விட்டார்கள். அதைக் கேட்டு ஊர் உலகத்தில் ஆயிரம் பேர் அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பழகியிருக்கிறார்கள். டாய்ல் டிட்மோரின் செல்வாக்கு என்று சொல்கிறார்களே, அது என் சளி.

பாடம் கேட்டாயே, எடுத்துக்கொள். உனக்காக இல்லை. நீ மேடையில் திருதிருவென்று முழித்தால் அம்மா பெற்ற பிள்ளை முழித்தான் என்றுதான் பேசுவார்கள்.

சுண்டு விரலைக் கீழ் ஸ்வரத்தில் வை. தூக்காதே. கட்டை விரல் எட்டாவது ஸ்வரத்துக்குப் போகட்டும். இரண்டும் மாறி மாறி, ஆனால் ஒரே கனத்தில் இல்லை. கீழே இருப்பது கொஞ்சம் முந்த வேண்டும், மேலே இருப்பது கொஞ்சம் தயங்க வேண்டும். நீ இரண்டையும் ஒரே மாதிரி குத்துவாய், எனக்குத் தெரியும். மணிக்கட்டை இறுக்காதே. தோளில் இருந்து விழட்டும். "கையால வாசிக்காத பாப்பா, இடுப்பால வாசி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார்.

சொல்லிக்கொடுத்தவர் ஒசெல்லா க்ரம்ப். ஞாபகம் இருக்காது உனக்கு. நம் வீட்டுக்குத் துணி தேய்க்க வருவார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கறுப்பர்களின் சபையில் அவர்தான் பியானோ. 1955 கோடையில் செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்குத் தெரியாமல் அவர் சபைக்குப் பின்வாசல் வழியாகப் போவேன். அந்த இடது கை அவருடையது. நான் அதில் ஒரு தும்மலைச் சேர்த்தேன், அவ்வளவுதான். நீ என்னிடமிருந்து எடுத்தாய் என்று முப்பது வருஷமாகப் பல்லைக் கடிக்கிறேன். நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. இதை எழுதும்போது உன் மேல் கோபப்படக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் படுகிறேன்.

நெல்டா

*

துல்சா
14 ஏப்ரல் 1986

நெல்டா,

ஐந்து வாரம் சுண்டு விரல் வீங்க வாசித்தேன். வரவில்லை. பக்கத்து அறைக்காரரே கதவைத் தட்டி, "அண்ணே, நீங்க அந்தப் பாட்டுக்காரர்னு சொன்னாங்களே, நெசமாவா?" என்று கேட்டுவிட்டார்.

உன் கையை நேரில் பார்த்தால் வருமோ என்று நேற்று பெட்டஸ் ஃபெர்ரிக்கு வந்தேன். ஆமாம், சபைக்குள். தொப்பியைக் கண் வரை இறக்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. இளைத்திருக்கிறாய்.

காணிக்கைத் தட்டு வர ஆரம்பித்ததும் மெதுவாக ஏதோ வாசித்தாய். ஏதோ கீதம் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்தேன். பிறகு இடது கையைக் கேட்டேன். கீழே முந்துகிறது, மேலே தயங்குகிறது. தலையை நிமிர்த்தினேன். அதே ஸ்வரங்கள். 'ஹேட்டி வீட்டுப் பின்கதவு' சாவு ஊர்வலம் மாதிரி நடந்து போகிறது! தும்மின இடத்தில் கையை நிறுத்தினாய். மொத்தச் சபையும் அந்த ஒரு தட்டில் மூச்சை இழுத்தது. பழகின மாதிரி.

பக்கத்தில் இருந்த அம்மாளிடம் இது என்ன பாட்டு என்று கேட்டேன். "காணிக்கைப் பாட்டுங்க. நெல்டாம்மா நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இதான் வாசிக்கறாங்க. ஏன்னே தெரியல, கேட்டா அழுகையா வரும்" என்றார். கடைசி ஜெபத்துக்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன்.

நெல்டா, ஐம்பத்தோரு வயதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. லிட்டில் ராக் மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். தகட்டில் உன் பெயரைப் போடட்டும்.

டாய்ல்

*

பெட்டஸ் ஃபெர்ரி
19 ஏப்ரல் 1986

டாய்ல்,

வாயை மூடு.

முப்பது வருஷம் கழித்து உனக்கு மனசாட்சி முளைத்ததாம். அதற்கு உரம் போட என் பெஞ்ச் வேண்டுமாம். டெலிவிஷனில் நீ என் பெயரைச் சொன்னால், மறுநாள் காலை ஹெர்ஷல் யார்ப்ரோ என்னைக் கூப்பிடுவார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, காது மந்தம், ஆனால் டெலிவிஷன் இரைச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வாசித்த பாவத்தை அவர்கள் மன்னித்தாலும் மன்னிப்பார்கள். பாவ அறிக்கையில் பொய் சொன்னதை மன்னிக்க மாட்டார்கள். புதுப் போதகர் ஸ்காகின்ஸ் வேறு மின்சார ஆர்கன் வாங்கத் துடித்துக்கொண்டிருக்கிறார், சாக்குத்தான் கிடைக்கவில்லை. உனக்குக் கண்ணீரும் கைதட்டும். எனக்கு உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சும்.

என் வாசிப்பைக் கேட்டு வெட்கம் வந்ததாம்! உன் புரொபசர் மூன்று வருஷத்துக்கு முன் நீ பிறந்த ஊரைப் பார்க்க வந்தார். நீ உட்கார்ந்த அதே வரிசையில்தான் உட்கார்ந்தார். காணிக்கைப் பாட்டை முழுக்கக் கேட்டார். முடிந்ததும் ஹெர்ஷலிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவ்வளவு காது அவருக்கு. பியானோவையும் தடவிப் பார்த்தார். அது படகிலிருந்து மிசிசிப்பி ஆற்றில் விழுந்துவிட்டது என்று நீ எல்லாப் பேட்டியிலும் அளந்திருப்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. உன் பொய்யால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். புதன்கிழமை சபை பூட்டியிருந்தபோது, பிரசங்கம் பதிவு செய்யும் மெஷினில் எடுத்தது. நம் பியானோ, சரியான வேகம், ஒரு நிமிஷம் நாலு நொடி. பின்கள் இன்னும் பதினொன்று மேல் ஸ்வரச் சுத்தியல்களில் இருக்கின்றன, அதனால் பழைய ரெக்கார்ட் மாதிரியே கேட்கும். ஒலிபெருக்கி ஆளிடம் கொடு. நீ பியானோ முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டு, முகத்தைச் சுளி, தலைமுடியை உதறு. அந்தக் கைகளுக்குப் பொய் சொல்வது புதிதில்லை.

வாயைத் திறந்தால் நீ எனக்கு அண்ணன் இல்லை.

நெல்டா

*

லிட்டில் ராக்
18 மே 1986

நெல்டா,

இதை நீ படிக்கும்போது ஹெர்ஷல் வந்து போயிருப்பார். என்னைத் திட்டு. முழுக்கத் திட்டு. ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டு.

நீ சொன்னபடியே செய்யத்தான் போனேன். கேசட்டை ஒலிபெருக்கி ஆளிடம் கொடுத்தேன், கண்ணடித்தார், எல்லாரும் செய்வதுதான் போலிருக்கிறது. வெள்ளைப் பியானோ. மூன்றாயிரம் பேர். உட்கார்ந்து கையைத் தூக்கினேன். கேசட் ஓட ஆரம்பித்தது. முதலில் பியானோ வரவில்லை. உன் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, எங்க பாத்துட்டிருக்க, மூணு, நாலு" என்றாய்.

அன்றைக்கு ரேடியோ நிலையத்தில் நீ எனக்குச் சொன்ன அதே வார்த்தை, நெல்டா. நான் எப்போது பாட ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழித்தபோது சொன்னாயே. அந்த அரங்கம் முழுக்க உன் குரல். என் கை கீழே இறங்கவில்லை. எழுந்துவிட்டேன். மைக்கைப் பிடித்து, "இதை வாசிக்கறது நான் இல்லீங்க. என் தங்கச்சி நெல்டா டிட்மோர். அன்னைக்கும் அவதான், இன்னைக்கும் அவதான். எனக்கு வாசிக்கவே தெரியாது" என்றேன்.

சிரித்தார்கள். மூன்றாயிரம் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன், பின்னால் பியானோ தானாகப் பாடுகிறது, ஏற்பாடு செய்த வேடிக்கை என்றே நினைத்துவிட்டார்கள். "இல்லீங்க, நெசமாத்தான்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். இன்றைய பேப்பரில் 'மேதையின் தன்னடக்கம்' என்று தலைப்பு. தகட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

வாழ்நாளில் ஒரு உண்மை சொன்னேன். ஒருத்தன்கூட நம்பவில்லை.

அதுவும் நல்லதோ என்னவோ. உன் சபையும் சிரித்துவிட்டுப் போயிருந்தால் பெஞ்ச் பிழைத்திருக்கும். பதில் போடு. திட்டியாவது போடு.

டாய்ல்

*

பெட்டஸ் ஃபெர்ரி
2 ஜூன் 1986

டாய்ல்,

சபை சிரிக்கவில்லை. மூன்றாயிரம் பேருக்கு நீ மேதை. இங்கே எல்லாருக்கும் உன்னைத் தெரியும். ஞாயிறு பள்ளியில் முக்கோண மணியைக்கூடத் தாளம் தப்பித் தட்டியவன் நீ. "டாய்லுக்கு வாசிக்க வராதுன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான், அது சத்தியம்தான்" என்றார் ஹெர்ஷல். முப்பது வருஷத்தில் உன்னை ஒரு ஆள் நம்பியது அப்போதுதான்.

நேற்று ஆராதனை முடிந்ததும் என்னை முன்னால் நிறுத்தினார்கள். அதே இடம். அதே ஹெர்ஷல். கையில் பின் மட்டும் இல்லை. ஸ்காகின்ஸ் தேன் ஒழுகப் பேசினார்: "சகோதரி, அன்னைக்கு வாசிச்சது பாவம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெஞ்ச் உங்களுக்கே. நாங்க மறந்துடறோம்." அவருக்கும் பெரிய மனசுக்காரர் என்று பெயர் எடுக்க ஆசை.

ஒரே வார்த்தைதான், டாய்ல். பதினாறு வயதில் மூச்சு விடாமல் சொன்னேன். நேற்று வாயில் வரவில்லை. "பொய் சொன்னது பாவம். அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். வாசிச்சது நல்லா இருந்துச்சு. அதுக்குக் கேக்க மாட்டேன்" என்றேன். ஹெர்ஷல் காதைக் கையால் குவித்துக்கொண்டு, "இந்தச் சாராயக்கடை வாசிப்ப உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். "ஒசெல்லா க்ரம்ப். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவங்க சபையில, அவங்க பியானோவுல. நீங்க வாராவாரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் காணிக்கை போடறீங்களே, அது அவங்க கைதான்" என்றேன்.

அதுவரை பாதிப் பேர் என் பக்கம் இருந்தார்கள். அதற்குப் பிறகு முகங்கள் மாறியதைப் பார்த்தேன். வாசித்ததைப் பொறுத்தார்கள், பொய்யைக்கூடப் பொறுத்தார்கள், ஒசெல்லாவின் பெயரைப் பொறுக்க முடியவில்லை. யார் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து பாடினேன் என்று நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. என்னைப் பெஞ்சிலிருந்து எடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தேழு பேர் தூக்கினார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகை வருகிறது என்ற அந்த அம்மாளும் தூக்கினாள்.

பெஞ்ச் போயிற்று. நேற்று மத்தியானம் முழுக்க அழுதேன். உனக்கு எதற்கு மறைக்க வேண்டும்? கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

மேடையில் என் பெயரைச் சொன்னாய். பாதி உண்மைதான் சொன்னாய், ஒசெல்லாவின் பெயரை விட்டுவிட்டாய். உனக்கு எழுதியிருந்தேன். உன்னிடம் முழு உண்மையை எதிர்பார்த்தது என் புத்திகெட்டதனம்.

'கேசட்டில் குரலை அழிக்க மறந்துவிட்டேன்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பதினாறு வருஷமாக அந்த மெஷினில் நான்தான் பிரசங்கம் பதிவு செய்கிறேன். போதகர்மார் இருமுவது, ஏப்பம் விடுவது எல்லாவற்றையும் சுத்தமாக அழிப்பவள் நான். எதை விட்டேன், எதை அழித்தேன் என்று எனக்குத் தெரியும். வாயை மூடு என்று எழுதிய அதே வாரம் அதையும் செய்தேன். நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயந்தேன். இதற்கு மேல் கேட்காதே.

பியானோவைச் சபையில் வைத்திருக்க மாட்டார்களாம். மின்சார ஆர்கன் வருகிறது. இன்று காலை நாலு பேர் கொண்டுவந்து என் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டார்கள். சோபாவை வெளியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. லிட்டில் ராக்கிலிருந்து கண்காட்சிக்காரர் ஒருவர் போன் செய்து, அந்த ரெக்கார்ட் பியானோ நிஜமாகவே ஆற்றில்தான் போயிற்றா என்று கேட்டார். ஆமாம், முங்கிப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து சரியான வேகத்தில் வாசித்தேன். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து. தும்மின இடத்தில் நிறுத்தவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நிறுத்தாமல் போனேன். உன் புரொபசர் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இனி வேலை இல்லை. வருவதானால் வா. அந்த வெள்ளை சூட் வேண்டாம். வழியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒசெல்லாவின் கல்லறை இருக்கிறது, பூ வாங்கிக்கொண்டு வா, சேர்ந்து போவோம். பிறகு வீட்டுக்கு வந்து நீ பாடலாம், பாட்டு மட்டும் உனக்குக் கொஞ்சம் வரும். பியானோவில் கை வைத்தால் இடது கை மோதிர விரலை மூடியில் வைத்து உடைத்துவிடுவேன். நீ அளந்த கதைகளில் அது ஒன்றாவது நிஜமாகட்டும்.

உன் தங்கை,
நெல்டா